அடைக்கலமும் நிதியும்

சிலப்பதிகாரத்தை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்கள் வழக்குரை காதையில் காட்டும் ஊக்கத்தை அடைக்கலக் காதையில் காட்டுவதில்லை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார்; மாதரி அவளை அழைத்துச் செல்கிறாள்; கதை மேலே நகர்கிறது. நாம் சொல்வது இவ்வளவே. ஆயின் ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. புகார் நகரத்துப் பெருவணிகர் குடியில் பிறந்தவளுக்கு மதுரையில் இடங்கொடுத்தது அரண்மனையும் அன்று, வணிகர் மாளிகையும் அன்று. பாலும் மோரும் கொண்டு பிழைக்கும் ஆயர் குடி. தங்குவதற்கு மனை ஒதுக்கியவளும், சமைப்பதற்கு அரிசியும் காய்கறியும் நெய்யும் தந்தவளும், தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டவளும் மாதரியே. கோவலன் கொலையுண்ட பின்னர் அம்முதியவளுக்கு என்ன ஆயிற்று? அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று எரியில் புகுந்து மாண்டாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அடிகள் தெரிவிக்கிறார். சில அடிகளில் முடிந்துபோகும் செய்தி அது. அரசன் இழந்ததற்கும் கண்ணகி இழந்ததற்கும் காப்பியத்தில் விரிவான கணக்கு இருக்கிறது. இடங்கொடுத்தவள் இழந்ததற்குக் கணக்கு அந்தச் சில அடிகளே.

இன்று உலக நாடுகள் கூடிப் பேசும் அகதிகள் சிக்கலில் பெரிதும் வழக்கிடப்படுவது இந்தக் கணக்கே. ஓடி வந்தவருக்கு எவ்வளவு, அவரை ஏற்ற ஊருக்கு எவ்வளவு? அப்பணத்தை யார் தருவது, யார் கையில் தருவது? வெறும் உணவுப் பொட்டலமாகத் தருவதா, பள்ளியாகவும் மருந்தகமாகவும் குடிநீராகவும் தருவதா? இவ்வினாக்களைத் தமிழர் தம் சொந்த வரலாற்றைக் கொண்டே ஆராய இடமுண்டு. எனினும் அவ்வாறு ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

முதலில் சொல்லைப் பற்றி. ‘அகதி’ வடசொல்; கதியற்றவர் என்பது அதன் பொருள். தனித்தமிழ் விரும்புவோர் ‘ஏதிலி’ என்பர். பழைய நூல்களில் ‘ஏதிலார்’ என்றால் அயலார் என்றும், சில இடங்களில் பகைவர் என்றும் பொருள்படும். ஆக, ஒரு சொல் அவரிடம் ஒன்றும் இல்லை என்கிறது. மற்றொன்று அவர் நமக்கு ஒன்றும் இல்லை என்கிறது. ‘அடைக்கலம்’ ஒன்றே இருவரையும் ஒரு சொல்லுள் நிறுத்துகிறது, அடைந்தவரையும் ஏற்றவரையும். இனி, ஏற்ற ஊரைக் குறிக்க ‘விருந்தோம்பும் சமுதாயம்’ என்று மொழிபெயர்ப்பாளர் சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. விருந்தினரை நாம் அழைக்கிறோம்; அழையாமல் வந்தாலும் அவர் சில நாளில் திரும்பிவிடுவார். பதினைந்து ஆண்டு தங்குபவரை விருந்தினர் என்று அழைப்பது, அவருக்கு வேலையும் பள்ளியும் தராமலிருக்க நல்லதொரு சாக்காகும். ‘ஏற்ற ஊர்’ என்றே இக்கட்டுரையில் எழுதுவோம்.

பாயான் பாருவிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் எதிரே தெரிவது ஜெரெஜாக் தீவு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. அவர்களை இங்கே கொண்டு சேர்த்த பணம் எங்கிருந்து வந்தது? 1907இல் ‘தமிழர் குடியேற்ற நிதி’ என ஒன்று சட்டப்படி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒவ்வொருவரும், தம்மிடம் உள்ள தொழிலாளர் கணக்குக்கேற்ப அதில் பணம் கட்டவேண்டும். கப்பற் கட்டணமும் கங்காணிக்குரிய ஆட்சேர்ப்புப் படியும் அதிலிருந்து போயின. 1930ஆம் ஆண்டையொட்டிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, பெருந்தொகையினரைத் திருப்பி அனுப்பும் செலவும் அதையே சார்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்திய பின், நலிந்தோர் காப்பகம் போன்றவற்றுக்கு அந்நிதி பயன்பட்டது. 1958இல் ‘தென்னிந்தியத் தொழிலாளர் நிதி’ எனப் பெயர் பெற்றது. 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலைக்கப்பட்டு, அதன் உடைமை அரசாங்கத்தைச் சேர்ந்தது.

தோட்டத் தொழிலாளர் அகதிகள் அல்லர். அவர்கள் கூலிக்கு அழைத்துவரப்பட்டவர்கள். வேறுபாட்டை மறைத்துப் பேசுவது ஆராய்ச்சி ஆகாது. எனினும் நிதியமைப்பு என்ற வகையில் இதனை ஆராயத் தடையில்லை. இந்நிதியின் சிறப்பு யாது? செலவை ஒரு முதலாளி மட்டும் சுமக்காமல் எல்லாரும் பங்கிட்டனர். ஒருங்கிணைப்புக்கு ஒரு குழு இருந்தது. எழுதிய கணக்கு இருந்தது. குறை யாது? எந்த மக்களின் தலைக்கு இவ்வளவு என்று பணம் திரட்டப்பட்டதோ அந்த மக்களுக்கு அதை ஆளும் உரிமை இல்லை. 1907இல் இல்லாத உரிமை 1999இலும் வரவில்லை. கலைக்கப்பட்டபோது மனவருத்தம் கொண்டோர் இருந்தனர். கலைப்பைத் தடுக்கும் பிடி அவர்கள் கையில் இருந்ததில்லை.

பள்ளியின் கதையும் இதனோடு ஒட்டியதே. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதித்தபடி வைத்தனர். ஓர் அறை, பல வகுப்பு, கிராணியோ படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியர். நாட்டின் கல்வியோடு அப்பள்ளிக்குப் பாலமில்லை. பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர் என்று கணக்குக் காட்டலாம். மேலே ஏறப் படி இல்லை. அப்படியை அமைக்க நமக்கு எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி அகதிகளுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. 1975 முதல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் இங்கே பணியாற்றி வருகிறது. வியட்நாமிலிருந்து படகேறி வந்தோருக்காக 1978இல் திரெங்கானுக் கடலில் பீடோங் தீவு முகாம் திறக்கப்பட்டது. ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அத்தீவில், மறு ஆண்டில் ஏறத்தாழ 40,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். 1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் மேலை நாடுகள் பணமும் வாக்களித்தன, குடியேற இடமும் வாக்களித்தன. வந்தவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போயினர். 1991இல் பீடோங் மூடப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் மலேசியாவைக் கடந்து சென்றனர் என்பர்.

இதனை வெற்றி என்று கூறுவது வழக்கம். வெற்றியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் எதனால் வெற்றி? ஏற்ற ஊர் என்ற ஒன்றே இல்லாதபடி செய்ததனால். அகதியைத் தீவில் வைத்தார்கள். பணம் வெளியிலிருந்து வந்தது. ஆளும் வெளியே போனார். திரெங்கானுக் கரையில் விலைவாசி ஏறிற்று என்று மீனவர் முறையிட்டதும், சில இடங்களில் வரும் படகுகள்மீது ஊரார் கல்லெறிந்ததும் அக்கணக்கில் சேரவில்லை. வெளியே எடுத்துச் செல்லும் நாடுகள் கதவைச் சாத்தினால் இந்த முறையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யாக்களுக்குத் தீவும் இல்லை, முகாமும் இல்லை. ஆணையத்தில் பதிவானோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் பாதிக்கு மேல் ரோஹிங்யாக்கள். இலங்கைத் தமிழரும் அப்பதிவில் உண்டு. பினாங்கில் இவர்கள் நம் இடையிலேயே வாழ்கின்றனர். கட்டடப் பணியிலும் சந்தையிலும் பழைய இரும்பு பொறுக்குமிடத்திலும் காண்கிறோம். குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்னும் வகையே இல்லாமையால் அவர்கள் சட்டத்தின் பார்வையில் அனுமதியின்றி வந்த அயலார். ஆணையத்தின் அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் அயலார் கட்டணத்தில் பாதி குறையும். பாதியும் அவர்களுக்குப் பெருந்தொகையே. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. கடை வீட்டின் மாடியிலோ சூராவின் பக்கத்து அறையிலோ நடக்கும் கற்றல் நிலையங்களே அவர்களுக்குப் பள்ளி. ஓர் அறை, பல வகுப்பு, மேலே ஏறப் படி இல்லை. 1923 நினைவுக்கு வரவில்லையா?

அந்நிலையங்களுக்குப் பணம் எப்படி வருகிறது? ஆணையம் கொஞ்சம், பௌத்த, இஸ்லாமிய, கிறித்துவ அறநிலையங்கள் கொஞ்சம், வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் ஓராண்டு நன்கொடை, பெற்றோர் தரும் சில வெள்ளி. நன்கொடை நின்றால் வகுப்பு நிற்கும். 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைச் சுருக்கியபோது அகதிகள் ஆணையமே உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஊழியரை நீக்க நேர்ந்தது. வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்தால் கடை வீட்டு மாடியில் ஒரு வகுப்பு நிற்குமானால், அதை ஒருங்கிணைந்த திட்டம் என்று எவ்வாறு கூறுவது? வேலை செய்யும் உரிமையைப் பற்றி 2017இல் ஒரு முன்னோட்டம் நடந்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் 300 ரோஹிங்யாக்களுக்கு வேலை தருவது நோக்கம். அது வளரவில்லை. 2022 ஏப்ரலில் பினாங்கு, கெடா எல்லையருகே இருந்த தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் தப்பியோடினர். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அடிபட்டு மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர்.

இத்தகைய நிலையில் நம்மவர் பலர் தமிழ்நாட்டை எடுத்துக்காட்டாகச் சுட்டுவர். அதனையும் உரசிப் பார்ப்போம்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத்தில் நாடற்றவராக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர்ப் பார்ப்பது என்பது ஏற்பாடு. 1974இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பங்கீட்டில் அம்மக்களைக் கேட்டவர் எவருமிலர். மண்டபத்தில் இறங்கியவர்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்து, பலருக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடனும் கொடுத்தனர். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவருக்கு வியாபாரக் கடன்! கடை வைத்தவர் சிலர்; தரகரிடம் இழந்தவர் பலர். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவரும் உளர். பணம் இருந்தது, திட்டம் இருந்தது, அலுவலர் இருந்தனர். வந்தவருக்கு என்ன தொழில் தெரியும் என்ற கேள்வி மட்டும் படிவத்தில் இடம்பெறவில்லை போலும்.

தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’ இதற்கு மாறானது, அதைப் புகழலாம். 1968இல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் திட்டம் பின்னர்க் கழகமாயிற்று. நீலகிரியில் காட்டு நிலத்தில் தேயிலை பயிரிட்டு, தாயகம் திரும்பியோருக்கு அவர்கள் கைக்குத் தெரிந்த வேலையையே தந்தது. கடன் என்பதும் வேலை என்பதும் எவ்வளவு வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்கென ‘ரெப்கோ’ வங்கி கூட்டுறவு முறையில் ஏற்பட்டது. அதில் மத்திய அரசாங்கத்துக்கும் தென் மாநிலங்களுக்கும் பங்கு, திரும்பியோருக்கும் பங்கு. தமக்கான நிதியில் தாமே பங்காளியாதல் என்னும் கருத்து, நம் 1907 நிதியில் இல்லாதது. இவ்வொன்றுக்காகவே ரெப்கோவின் வரலாற்றை யாரேனும் முறையாக எழுதவேண்டும்.

ஆனால் டான்டீயின் மறுபக்கமும் உண்டு. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோருக்கு அக்காடே வாழ்விடம். தேயிலை வந்தபோது அவர்களுக்கு என்ன ஈடு என்பதைத் திட்டம் தன் வினாவாகக் கொள்ளவில்லை. திட்டத்துக்கு வெளியே தாமே வந்து நிலம் தேடிக் குடியேறிய மலையகத் தமிழருக்கும், பழங்குடியினருக்கும், ஜென்ம நில வழக்குகளுக்கும் நடுவில் அவ்வட்டாரம் இன்றளவும் அமைதியிழந்து கிடக்கிறது. இது ஒருபுறம். மறுபுறம், கழகம் நட்டத்தில் ஓட, 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பியளிக்க அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர் தம் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும் என்ற நிலை எழுந்தது. ஐம்பது ஆண்டு உழைத்த பின்னும் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். மலேசியத் தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

1983க்குப் பின் வந்த ஈழத் தமிழரின் நிலை வேறு. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அலையலையாக வந்தனர், பலர் திரும்பினர். 1984இல் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் அகதிகளையே ஊழியராக்கிப் பணிசெய்தது. 1991க்குப் பின் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவது தடைப்பட்டது. பிள்ளைகளின் படிப்பும் இடர்ப்பட்டது. சில ஆண்டுகள் கழித்தே நிலை சீர்பட்டது. ஓர் அரசியற் கொலைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியில் விலை கொடுத்தனர்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடியே 40 இலட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். முகாமின் பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறிற்று. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. தொகையில் பெரும்பகுதி, அதாவது 231 கோடியே 54 இலட்சம், பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். ஆட்டுக்கொட்டில் போன்ற கொட்டகைகளில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு இது சிறு நன்மையன்று. அரசியற் கட்சி வேற்றுமை பாராமல் பாராட்டவேண்டிய செயல். எனினும் திறனாய்வாளன் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும்.

ஒன்று: நூற்றுக்கு எழுபத்து மூன்று பங்கைச் செங்கல்லிலும் சிமெண்டிலும் வைத்த திட்டத்தில், அவ்வீட்டில் குடியிருப்பவருக்குச் சட்டப்படி என்ன நிலை? 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர் சட்டவிரோதக் குடியேறி. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் அவரைச் சேர்க்கவில்லை. தம் பெயரில் பட்டா பெறக்கூடிய நிலையில் அவர் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக்காக நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. 2022இல் மதுரைக் கிளை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தமையால் அவருக்கு அவ்வழி திறந்தது. அதற்குப் பின் பிறந்த தங்கைக்குத் திறக்காது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டனை நீங்கிற்று; குடியுரிமை வரவில்லை. மாநிலம் வீடு கட்டுகிறது, மத்திய அரசு நிலையைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் உட்காராத வரை மறுவாழ்வு என்னும் பெயர் முகாமின் பலகையோடு நின்றுவிடும்.

மற்றது: முகாமுக்கு வெளியே வாழும் ஏறத்தாழ 34,000 பேருக்கும், முகாமை அடுத்த ஊராருக்கும் என்ன? முகாமில் உள்ள ஏறத்தாழ 58,000 பேரையே பணக்கொடை கண்ணில் கொண்டது. முகாம் ஆடவர் பலர் வண்ணம் பூசும் வேலைக்குப் போகின்றனர். பக்கத்து ஊர்க் கூலியாளும் அதே வேலைக்கு நிற்கிறான். முகாமுக்குள் நல்ல குழாய்நீர் வந்து, வேலிக்கு அப்பால் வராவிட்டால் அவன் என்ன நினைப்பான்? மொழி ஒன்று, உறவு ஒன்று என்பதனால் தமிழ்நாட்டில் இது பெரிதும் வெடிக்கவில்லை. மொழி வேறான இடத்தில் வெடிக்கும். 2020இல் மலேசியாவில் ரோஹிங்யாக்களுக்கு எதிராகக் கிளம்பிய வெறுப்பை நாம் பார்த்தோம். அதில் தமிழ்க் குரலும் கலந்திருந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

ஆப்பிரிக்காவில் உகாண்டா இதற்கு ஒரு வழி கண்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அகதி வேலை செய்யலாம்; பயிரிடத் துண்டு நிலமும் உண்டு. அகதிக்கென வரும் உதவியில் நூற்றுக்கு முப்பது பங்கு ஏற்ற ஊருக்குப் போகவேண்டும் என்பது அங்குள்ள நெறி. கிணறு தோண்டினால் இருவருக்கும், பள்ளி கட்டினால் இருவருக்கும். இதைக் கேட்டவுடன் மெய்ம்மறந்துவிடலாகாது. 2018இல் ஆட்களை ஒவ்வொருவராக மீண்டும் எண்ணியபோது பதினான்கு இலட்சம் என்றிருந்த கணக்கு பதினொரு இலட்சமாகக் குறைந்தது. இல்லாத அகதியின் பெயரில் அரிசி போயிருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பணம் தந்தால் தலைகள் பெருகுவது இயல்பு. அதே பணத்தைப் பள்ளிக்கு இவ்வளவு, மருந்தகத்துக்கு இவ்வளவு என்று தந்தால் ஏமாற்றுவது கடினம்; கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளை எண்ணலாம்.

உலக வங்கி 2016 முதல் யோர்தான், லெபனான், கொலம்பியா போன்ற நடுத்தர வருமான நாடுகளுக்கு, அகதியும் ஊராரும் சேர்ந்து பயன்பெறும் திட்டங்களுக்காகக் குறைந்த வட்டிக் கடன் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. இத்தகைய வாயிலைத் தட்ட அரசாங்கமே முன்வரவேண்டும். அகதி என்ற சொல்லையே சட்டத்தில் எழுதாத அரசாங்கம் எதைச் சொல்லித் தட்டும்?

“நம் அடுக்குமாடி ஏழைகளுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை, இவர்களுக்கு எதற்கு?” என்று பாயான் பாருவில் கேட்பவரைக் கொடியவர் என்று தள்ளிவிடலாகாது. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை, ரோஹிங்யாப் பிள்ளையின் வகுப்பை மூடுவதன்று. மூடிய வகுப்பின் பணம் ஒருபோதும் அடுக்குமாடிக்கு வராது. அது வேறு நாட்டு முகாமுக்குப் போகும். இரண்டையும் ஒரே வரவு செலவில் சேர்க்கும்படி கேட்டால்தான் அடுக்குமாடிக்கும் பங்கு வரும். அவ்வாறு சேர்த்துத் திட்டமிட இயலாது என்பாருக்குப் பாயான் பாருவையே காட்டலாம். 1969இல் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற தொழில் வட்டாரம் தோன்றிற்று. வயலும் கம்பமும் இருந்த இடத்தில் வீடு, சாலை, தொழிற்சாலை, சந்தை எல்லாம் ஒரே கையால் வகுத்துக் கட்டப்பட்டன.

இப்போதைக்கு நகராட்சி ஒருபக்கம், சுகாதாரத் துறை ஒருபக்கம், கல்வித் துறை விலகிய பக்கம், அறநிலையங்கள் தத்தம் பக்கம். எந்தக் கற்றல் நிலையத்தில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியருக்கு எவ்வளவு சம்பளம், பணம் எத்தனை மாதத்துக்கு உண்டு என்பதை ஒரே தாளில் எழுதி ஆண்டுதோறும் வெளியிடக்கூட ஒரு குழு பினாங்கில் தேவைப்படுகிறது. 1907ஆம் ஆண்டுக் குழுவில் முதலாளிகளும் அலுவலரும் இருந்தனர், கூலியாள் இல்லை. புதிய குழுவில் மாநகர் மன்றத்தார், அடுக்குமாடிக் குடியிருப்போர், நிலைய ஆசிரியர் ஆகியோருடன் ரோஹிங்யாப் பெற்றோர் இருவராவது அமரவேண்டும். ஒற்றை அறையில் பல வகுப்பை நடத்திப் பழகிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இத்தீவில் பலர் இருக்கின்றனர். எந்த வகுப்புக்கு என்ன செலவாகும் என்று அக்குழுவுக்குச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே.